காதைத் தொட்டால் ஐந்து வயது

தமிழ்நாட்டுக் கிராமங்களில் பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கப் போகிறவர்கள் பிறப்புச் சான்றிதழோடு போகும் வழக்கம் வந்து அதிகக் காலம் ஆகவில்லை. அதற்கு முன்பு பிள்ளையின் கைதான் சான்றிதழ். வலது கையைத் தலைக்கு மேலாகச் சுற்றி இடது காதைத் தொடச் சொல்வார் தலைமை ஆசிரியர். விரல் காதில் பட்டால் ஐந்து வயது முடிந்துவிட்டது. எட்டவில்லை என்றால் அடுத்த வருஷம் அழைத்து வரலாம். பிறந்த தேதி கேட்டால் அப்பா புயலடித்த வருஷம் என்பார். அம்மா திருவிழாவுக்கு மறுநாள் என்பார். ஆசிரியர் ஜூன் மாதச் சேர்க்கைக்குக் கணக்கு ஒத்துவரும்படி ஏப்ரலிலோ மேயிலோ ஒரு தேதியைப் பதிவேட்டில் எழுதிவிடுவார். ஒரு தலைமுறைத் தமிழர்களில் இத்தனை பேர் கோடையில் பிறந்தவர்களாக இருக்கும் ரகசியம் இதுதான். அவர்களுடைய அரசு வேலையும் ஓய்வூதியமும் அந்தத் தேதியை நம்பித்தான் நடந்தன.

காதைத் தொடும் சோதனை முட்டாள்தனமானதல்ல. சின்னக் குழந்தைக்குத் தலை பெரிது, கை குட்டை. வளர வளரக் கை நீண்டு அந்த விகிதம் மாறும். ஆனால் அது உடம்பின் கணக்கு. அதை ஓர் எண்ணாக மாற்றிப் பதிவேட்டில் ஏற்ற வேண்டிய தேவை குடும்பத்துக்கு இருந்ததில்லை. வீட்டுக்குப் போதுமான அடையாளங்கள் வேறு இருந்தன: பால்பல் விழுந்தது, ஆடு ஓட்டத் தெரிந்தது, தம்பியை இடுப்பில் தூக்கத் தெரிந்தது, பெண் சமைந்தாள். குழந்தைப் பருவம் எத்தனை வயதில் முடிகிறது என்ற கேள்வியே பிற்காலத்தில் வந்தது. அதைக் கேட்டவர்கள் ஆலை முதலாளியும், பள்ளி ஆய்வாளரும், நீதிபதியும்.

இங்கிலாந்திலும் இதே கூத்து நடந்தது. 1833-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம், பட்டு ஆலைகள் நீங்கலாக மற்ற நெசவாலைகளில் ஒன்பது வயதுக்குக் குறைந்த பிள்ளைகளை வேலைக்கு வைக்கக் கூடாது என்றது. ஒன்பது முதல் பதின்மூன்று வயது வரையுள்ளவர்களுக்கு நாளைக்கு ஒன்பது மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று வரம்பு கட்டியது. நல்ல சட்டம்தான். ஆனால் எதிரில் நிற்கும் பிள்ளைக்கு எட்டு வயதா பத்து வயதா என்று யார் சொல்வது? அரசு பிறப்புப் பதிவு இங்கிலாந்தில் தொடங்கியதே 1837-இல்தான். பெற்றோர் கூலியை நினைத்து வயதைக் கூட்டிச் சொன்னார்கள். மருத்துவர்கள் ஆளைப் பார்த்துச் சான்று எழுதினார்கள். உயரத்தை அளக்கலாம் என்றால், அரைப் பட்டினியில் வளர்ந்த ஆலைப் பிள்ளை பத்து வயதிலும் ஏழு வயதுப் பிள்ளை போலத்தான் இருந்தது.

அப்போது எட்வின் சாண்டர்ஸ் என்ற பல் மருத்துவர் ஒரு வழி சொன்னார். ஆலைப் பிள்ளைகளின் வயதைப் பல்லைப் பார்த்துக் கண்டுபிடிக்கலாம் என்று 1837-இல் ஒரு சிறு நூலை எழுதி வெளியிட்டார். கடைவாய்ப் பற்கள் முளைக்கும் வரிசை உயரத்தைவிட நம்பகமானது என்பது அவர் வாதம். அவர் பின்னாளில் விக்டோரியா அரசியின் பல் மருத்துவரானார். சந்தையில் மாட்டின் வாயைத் திறந்து பார்க்கிற மாதிரி பிள்ளையின் வாயைத் திறந்து பார்த்து, இது குழந்தையா தொழிலாளியா என்று முடிவுசெய்யும் யோசனை, அந்தக் காலத்தில் இரக்கமுள்ளவர்கள் சொன்ன யோசனை என்பதை மறக்கக் கூடாது. அதுவும் இல்லாவிட்டால் ஆறு வயதுப் பிள்ளையும் தறிக்கு அடியில் ஊர்ந்துகொண்டிருக்கும்.

குழந்தைப் பருவம் என்பதே சமூகம் கட்டிய ஒன்று என்ற பேச்சைப் பெரிதாகக் கிளப்பியவர் ஃபிலிப் ஆரியே என்ற பிரெஞ்சு வரலாற்றாசிரியர். 1960-இல் வந்த அவருடைய புத்தகம், இடைக்கால ஐரோப்பாவில் குழந்தைமை என்ற எண்ணமே இல்லை என்றது. பழைய ஓவியங்களில் குழந்தைகள் குட்டி மனிதர்களாக, பெரியவர்களின் உடுப்பையே அணிந்து நிற்கிறார்கள். தாயின் மடியை விட்டு இறங்கியதும் பெரியவர்களின் வேலையிலும் விளையாட்டிலும் கலந்துவிட்டார்கள். பள்ளியும் நடுத்தரக் குடும்பமும் வந்த பிறகுதான் குழந்தை தனி இனமாக ஒதுக்கி வைக்கப்பட்டது என்பது அவர் கட்சி. பதின்மூன்றாம் லூயி மன்னரின் இளமையை நாள் தவறாமல் எழுதிவைத்த அரண்மனை மருத்துவர் எரோவாரின் நாட்குறிப்பையும் அவர் சாட்சிக்கு அழைத்தார்.

மறுப்பு வராமல் இல்லை. 1983-இல் வரலாற்றாசிரியர் லிண்டா போலக் நூற்றுக்கணக்கான நாட்குறிப்புகளையும் தன்வரலாறுகளையும் படித்துவிட்டு, பிள்ளை இறந்தபோது பெற்றோர் எந்த நூற்றாண்டிலும் அழுதுதான் இருக்கிறார்கள் என்று காட்டினார். இன்னொரு வரலாற்றாசிரியரான நிக்கலஸ் ஓர்ம் இடைக்கால இங்கிலாந்தின் பொம்மைகளையும் விளையாட்டுப் பாடல்களையும் திரட்டி வைத்தார். இருவர் சொல்வதும் சரி. ஆனால் ஆரியே பாதி தோற்றாலும் மீதிப் பாதி நிற்கிறது. பாசம் எப்போதும் இருந்தது. எல்லைக்கோடுதான் ஊருக்கு ஊர், காலத்துக்குக் காலம் இடம் மாறிக்கொண்டே வந்தது.

பிரெஞ்சு ஓவியங்களோடு நிற்காமல் தமிழ்ப் பக்கம் வந்திருந்தால் ஆரியே திணறியிருப்பார். பன்னிரண்டாம் நூற்றாண்டிலேயே ஒட்டக்கூத்தர் இரண்டாம் குலோத்துங்க சோழன்மேல் பிள்ளைத்தமிழ் பாடிவிட்டார். காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வருகை, அம்புலி என்று போகும் பத்துப் பருவங்களுக்கும் பாட்டியல் நூல்கள் மாதக் கணக்கு வைத்திருக்கின்றன. மூன்றாம் மாதத்தில் தொடங்கி, ஒற்றைப்படை மாதங்களில் ஏறி, இருபத்தோராம் மாதத்தில் முடிகிறது. தலை நிமிர்த்தி ஆடுவது, கை கொட்டுவது, தளர்நடை நடப்பது என ஒவ்வொன்றையும் இவ்வளவு நுட்பமாகக் கவனித்த சமூகத்துக்குக் குழந்தைமை தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது.

ஆனால் கணக்கைக் கவனியுங்கள். இருபத்தோரு மாதத்தோடு சரி. அதற்குப் பிறகு பத்துப் பன்னிரண்டு வயது வரை உள்ள பிள்ளை, இன்று நாம் குழந்தை என்றதும் நினைக்கிற அந்தப் பிள்ளை, இந்த இலக்கியத்துக்கு வெளியே நிற்கிறது. தவிர, பாட்டுடைத் தலைவர் அரசராகவோ முருகனாகவோ மீனாட்சியாகவோ இருக்க வேண்டும். குயவர் வீட்டுப் பிள்ளைக்கு அந்தக் காலத்தில் யாரும் பிள்ளைத்தமிழ் பாடவில்லை.

சங்கப் பாடல்களில் இந்த எல்லை இன்னும் கூர்மையாகத் தெரிகிறது. தலையாலங்கானத்தில் போர் வென்ற பாண்டியன் நெடுஞ்செழியனை இடைக்குன்றூர் கிழார் புறநானூற்றின் 77-ஆம் பாடலில் காட்டுகிறார். காலில் இருந்த கிண்கிணியைக் கழற்றிவிட்டு வீரக்கழல் போட்டிருக்கிறான். கழுத்தில் குழந்தைகளுக்குக் காப்பாகக் கட்டும் ஐம்படைத்தாலி இன்னும் இருக்கிறது. பால் மறந்து சோறு உண்டதே இன்றுதான் என்று புலவர் வியக்கிறார். மிகைதான். ஆனால் அந்த மிகை எதைக் கொண்டு கட்டப்பட்டிருக்கிறது என்று பாருங்கள்: வயது எண் ஒன்றும் இல்லை, எல்லாம் நகை, உணவு, ஆயுதம். குழந்தை என்பது உடம்பில் கட்டியிருக்கும் ஒரு அணி. அதைக் கழற்றினால் ஆண்மகன்.

அதே நூலின் 46-ஆம் பாடலில் இன்னொரு காட்சி. தோற்றுப்போன மலையமானின் பிள்ளைகளை யானைக் காலில் இடறச் செய்யச் சோழ அரசன் கிள்ளிவளவன் ஏற்பாடு செய்துவிட்டான். கோவூர் கிழார் குறுக்கே வந்து நிற்கிறார். அந்தப் பிள்ளைகள் யானையைப் பார்த்து அழுகையை மறந்துவிட்டார்கள், பிறகு கூட்டத்தைப் பார்த்து மிரள்கிறார்கள் என்று சொல்லி அரசனின் மனத்தைக் கரைக்கப் பார்க்கிறார். பகைவன் பிள்ளை என்பதால் கொல்லலாம் என்று அரசன் நினைக்கிறான். பிள்ளை என்பதால் கொல்லக் கூடாது என்று புலவர் மன்றாடுகிறார். குழந்தைகளுக்கான உரிமை வாதம் என்று இன்று நாம் சொல்வது அங்கேயே தொடங்கிவிட்டது. அதற்குச் சட்டம்தான் இல்லை.

பெண்ணுக்கு மட்டும் தமிழ் இலக்கணம் வயது எண்ணைத் துல்லியமாகவே கொடுத்தது. உலா நூல்களில் வரும் ஏழு பருவங்களில் பேதைக்கு ஐந்து முதல் ஏழு, பெதும்பைக்கு எட்டு முதல் பதினொன்று, மங்கைக்குப் பன்னிரண்டும் பதின்மூன்றும். பதினான்கில் மடந்தை. வீதியில் வரும் தலைவனைப் பார்த்துக் காதலிக்கும் பெண்களின் வரிசை இது. அந்த வரிசை ஐந்து வயதில் தொடங்குகிறது என்பதைப் பள்ளிக்கூடத்தில் உலா நடத்தும் ஆசிரியர்கள் வேகமாகத் தாண்டிப் போய்விடுவார்கள்.

பையன்களில் கொஞ்சம் வசதியுள்ளவர்களுக்கு ஐந்து வயதில் திண்ணைப் பள்ளிக்கூடம் இருந்தது. பல்லாரி கலெக்டர் கேம்பெல் 1823-இல் எழுதிய அறிக்கை இதைப் படம் பிடித்தது போலச் சொல்கிறது. வாத்தியாரும் மற்ற மாணவர்களும் வீட்டுக்கு வந்து பிள்ளையார் முன் வட்டமாக உட்கார, புதுப் பையன் அரிசியில் விரலால் எழுதிப் படிப்பைத் தொடங்குகிறான். காலையில் முதலில் வந்து சேரும் பையனின் உள்ளங்கையில் சரஸ்வதி என்று எழுதுவார்கள். இரண்டாவதாக வந்தவனுக்கு ஒரு சுழி. மூன்றாமவனுக்கு ஒரு அடி, நான்காமவனுக்கு இரண்டு, இப்படியே பிந்தப் பிந்த அடி கூடும். திண்ணைப் பள்ளியில் கோதண்டம் போட்டுத் தொங்கவிட்ட கதைகளைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது மென்மையாகவே தோன்றும்.

கேம்பெல் இதை எழுதக் காரணம் சென்னை கவர்னர் தாமஸ் மன்றோ 1822-இல் எடுக்கச் சொன்ன கணக்கு. 1826-இல் அவர் தொகுத்தபோது சென்னை மாகாணத்தில் 12,498 பள்ளிகள், 1,88,650 மாணவர்கள். இவர்களில் பெண்கள் 4,540 பேர் மட்டுமே.  இங்கே முக்கியம் வேறு. எத்தனை பேர் படிக்கிறார்கள் என்று விகிதம் சொல்ல, படிக்க வேண்டியவர்கள் எத்தனை பேர் என்று தெரிய வேண்டுமே? ஐந்து முதல் பத்து வரை பள்ளி வயது என்று மன்றோ வைத்துக்கொண்டார். மாகாணத்தின் பிள்ளைகள் எல்லோரையும் ஒரு வயதுப் பெட்டிக்குள் போட்டு எண்ணிப் பார்க்கும் முயற்சி அது. அந்தப் பெட்டியில் இருந்தவர்களில் பெரும்பாலோர் எந்தத் திண்ணையிலும் ஏறியதில்லை.

திண்ணைப் பள்ளி இங்கிலாந்துக்குக் கப்பலேறிய கதையும் உண்டு. எழும்பூரில் ஐரோப்பிய ராணுவ வீரர்களின் அநாதைப் பையன்களுக்காக 1789-இல் தொடங்கிய விடுதிப் பள்ளிக்கு ஆண்ட்ரு பெல் என்ற பாதிரியார் கண்காணிப்பாளராக இருந்தார். ஒரு நாட்டுப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் படிப்பதைப் பார்த்தார். தன் பள்ளியிலும் அப்படிச் செய்யச் சொன்னார். ஆசிரியர்கள் மசியவில்லை. எட்டு வயதுப் பையன் ஒருவனைக் கீழ்வகுப்புக்கு ஆசிரியனாக்கினார், வேலை நடந்தது. நம் சட்டாம்பிள்ளை முறைதான். 1797-இல் லண்டனில் அதைப் பற்றிச் சிறு நூல் வெளியிட்டார். ‘மெட்ராஸ் முறை’ என்ற பெயரிலேயே அது பரவியது. ஆசிரியருக்குச் சம்பளம் கொடுக்காமல் பிள்ளையை வைத்தே பிள்ளைக்குப் பாடம் சொல்லலாம் என்றால் யாருக்குத்தான் பிடிக்காது? 1811-இல் இங்கிலாந்துத் திருச்சபை தொடங்கிய தேசியக் கல்விச் சங்கம் இந்த முறையைத்தான் கையில் எடுத்தது. ஏழை ஆங்கிலப் பிள்ளைகள் கூட்டம் கூட்டமாக வகுப்பறைக்குள் வந்து உட்கார்ந்ததில் எழும்பூர் மணலுக்கும் பங்கு உண்டு. பெல் 1832-இல் இறந்தபோது வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்திலேயே அடக்கம் செய்தார்கள்.

திண்ணைக்கு வெளியே இருந்த பிள்ளை என்ன செய்துகொண்டிருந்தது? ஆடு மேய்த்தது. அப்பா வாங்கிய கடனுக்காகப் பண்ணையார் வீட்டில் சாணி அள்ளியது. கொங்கு நாட்டில் இப்படி ஆள்விடப்பட்ட சக்கிலியப் பிள்ளைகளின் உலகத்தைப் பெருமாள்முருகன் ‘கூளமாதாரி’ நாவலில் எழுதியிருக்கிறார். அந்தப் பிள்ளைகள் விளையாடாமலும் இல்லை. ஆட்டின் பின்னால் ஓடிக்கொண்டே விளையாடினார்கள். வேலையும் விளையாட்டும் பிரிந்தவை என்ற எண்ணம் வேறு சாதிப் பிள்ளைகளுக்குச் சொந்தமாக இருந்தது.

கடல் கடந்து போன தமிழர்களின் பிள்ளைகளுக்கோ அரசாங்கமே விலை எழுதியது. இலங்கைத் தோட்டங்களில் வேலை செய்த இந்தியத் தொழிலாளர்களுக்காக 1927-இல் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் வந்தது. அதன்படி மலையகத்தின் உயரமான தோட்டங்களில் ஒரு நாளைக்கு ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், பிள்ளைக்கு 32 சதம். தொழிலாளர்களைப் பாதுகாக்க வந்த சட்டம் அது. பாதுகாப்பு என்றால் பிள்ளையை வேலையிலிருந்து விடுவிப்பது என்று அப்போது யாருக்கும் தோன்றவில்லை. அதன் கூலியை ஒழுங்காகக் கொடுப்பது என்றே தோன்றியது.

இந்தியாவின் முதல் தொழிற்சாலைச் சட்டம் 1881-இல் வந்தது. நூறு பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் ஆலைகளில் ஏழு வயதுக்குக் குறைந்தவர்களை வைக்கக் கூடாது. ஏழு முதல் பன்னிரண்டு வரை ஒன்பது மணி நேரம். இதற்காகக் குரல் கொடுத்தவர்களில் லங்காஷயர் முதலாளிகளும் உண்டு. பம்பாய்ப் பிள்ளைகள்மேல் அவர்களுக்குத் திடீர்ப் பாசம் பிறந்துவிடவில்லை. பம்பாய் ஆலைகள் மலிவுக் கூலியில் துணி நெய்து போட்டியாக வந்துவிட்டன. இந்த உள்நோக்கத்தைக் காட்டியே இந்திய முதலாளிகளும் சில தேசியத் தலைவர்களும் சட்டத்தை எதிர்த்தார்கள். மான்செஸ்டருக்கும் பம்பாய்க்கும் நடந்த வியாபாரச் சண்டையில் ஏழு வயது என்ற கோடு விழுந்தது. 1891-இல் அது ஒன்பதானது, 1922-இல் பன்னிரண்டு, 1948-இல் பதினான்கு. ஒவ்வொரு முறையும் அதே பழைய பிரச்சினை: வயதுக்குச் சான்று எங்கே? அரை நேர வேலைக்கு அனுமதிக்கப்பட்ட பிள்ளையைக் காலையில் ஒரு ஆலைக்கும் மதியம் வேறொரு ஆலைக்கும் அனுப்பும் வித்தையும் நடந்தது. 1922 சட்டம் அதைத் தனியாகவே தடுக்க வேண்டியிருந்தது.

1931-இல் அறிக்கை கொடுத்த அரச தொழிலாளர் ஆணையம், பீடிக் கொட்டகைகளிலும் கம்பளத் தறிகளிலும் ஐந்து வயதுப் பிள்ளைகளைக் கண்டது. அமிர்தசரஸ், அகமதாபாத், சென்னை என்று ஒன்றுக்கொன்று தொலைவான ஊர்களில், பெற்றோர் முன்பணம் வாங்கிக்கொண்டு பிள்ளையின் உழைப்பை அடகு வைக்கும் வழக்கத்தையும் பதிவுசெய்தது. நகையை அடகு வைப்பதற்கு வட்டிக் கடை. பிள்ளையை அடகு வைப்பதற்குப் பீடிக் கடை. 1933-இல் பதினைந்து வயதுக்குக் குறைந்தவர்களின் உழைப்பை அடகு வைக்கும் ஒப்பந்தம் செல்லாது என்று சட்டம் வந்தது.

பாதி நாள் பள்ளி, பாதி நாள் வேலை என்பது லங்காஷயரில் முக்கால் நூற்றாண்டு நடந்த ஏற்பாடு. 1844 சட்டம் எட்டு வயதுப் பிள்ளையை ஆறரை மணி நேரம் ஆலைக்கும் மூன்று மணி நேரம் பள்ளிக்கும் பங்கு போட்டது. வயது வரம்பு மெல்ல மெல்லப் பத்து, பதினொன்று, பன்னிரண்டு என்று ஏறியது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதை ஒழிக்கலாமா என்று கேட்டபோது பஞ்சாலைத் தொழிற்சங்க உறுப்பினர்களே பெரும்பான்மையாக வேண்டாம் என்று வாக்களித்தார்கள். தாங்களும் அப்படி வளர்ந்தவர்கள்தானே என்பது ஒரு காரணம். சனிக்கிழமைக் கூலி இன்னொரு காரணம். 1918-இன் கல்விச் சட்டம்தான் அதை முடித்து வைத்தது, அதுவும் 1921-இல் நடைமுறைக்கு வந்தது.

அது அங்கே முடிந்து முப்பது ஆண்டு கழித்துச் சென்னையில் அதன் தம்பி பிறந்தது. 1953-இல் முதலமைச்சர் ராஜாஜி கிராமத் தொடக்கப் பள்ளிகளில் மாணவர்களை இரண்டாகப் பிரித்து, ஒவ்வொரு பிரிவுக்கும் மூன்று மணி நேரம் மட்டும் வகுப்பு என்றார். மீதி நேரம் பெற்றோரின் தொழிலைப் பார்த்தும் செய்தும் பழகட்டும். காசு இல்லை, கட்டடம் இல்லை, ஆசிரியர் இல்லை, இருப்பதை வைத்து இரண்டு மடங்கு பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லலாம் என்பது அரசாங்கத்தின் கணக்கு. கணக்கில் பிழை இல்லை. சவரத் தொழிலாளியின் மகன் மதியம் எங்கே போவான் என்பதுதான் கேள்வி. பெரியாரும் திராவிட இயக்கத்தாரும் அதற்குக் குலக்கல்வித் திட்டம் என்று பெயர் வைத்தார்கள். காங்கிரஸுக்குள்ளேயே எதிர்ப்பு எழுந்தது. 1954-இல் ராஜாஜி பதவி விலகினார். அடுத்து வந்த காமராஜர் முதல் வேலையாக அதைக் கைவிட்டார். பிறகு மதிய உணவு கொடுத்துப் பிள்ளைகளை நாள் முழுதும் பள்ளியில் உட்கார வைத்தார். தமிழ்நாட்டில் ஓர் அரசாங்கம் ஆட்டம் கண்டது, பத்து வயதுப் பிள்ளையின் மதியப் பொழுது யாருக்குச் சொந்தம் என்ற கேள்வியில்.

பெண் பிள்ளையின் கதை வேறு தடத்தில் ஓடியது. அவளுடைய எல்லையை ஆலையும் பள்ளியும் தீர்மானிக்கவில்லை, கல்யாணம் தீர்மானித்தது. 1897-இல் பாரதிக்குக் கல்யாணம் ஆனபோது அவருக்குப் பதினான்கு முடிந்திருந்தது, செல்லம்மாவுக்கு ஏழு. 1909-இல் கணித மேதை ராமானுஜன் மணந்த ஜானகிக்குப் பத்து. இவை அந்தக் காலத்துப் பிராமணக் குடும்பங்களில் செய்தியே அல்ல. பெண் ருதுவாகும் முன் கட்டிக்கொடுத்துவிட வேண்டும், ருதுவான பின் கணவன் வீட்டுக்கு அனுப்ப வேண்டும். மற்ற பல சாதிகளில் சமைந்த பிறகே கல்யாணம். மஞ்சள் நீராட்டுக்கு ஊரைக் கூட்டி, இனி இவள் சிறுமி அல்ல என்று அறிவிப்பார்கள். இரண்டிலும் கோடு ஒரே இடத்தில்தான். ஒருவர் அதற்கு முன்னால் கட்டினார், மற்றவர் பின்னால் கட்டினார்.

1890-இல் கல்கத்தாவில் பத்துப் பதினோரு வயதுச் சிறுமி பூல்மணி, அவளைவிடப் பல மடங்கு மூத்த கணவனின் வன்முறையால் இறந்தாள். சம்மத வயது அப்போது பத்து. அதனால் அவன்மேல் வன்புணர்ச்சிக் குற்றம் சாட்டவே வழியில்லாமல் ஓராண்டுச் சிறையோடு முடிந்தது. அடுத்த ஆண்டு சம்மத வயது பன்னிரண்டாக உயர்ந்தது. திலகர் போன்றவர்கள் அதைக் கடுமையாக எதிர்த்தார்கள்; அந்நியன் நம் வீட்டுக்குள் நுழைகிறான் என்றார்கள். அந்த அந்நியனின் நாட்டிலும் 1875 வரை அந்த வயது பன்னிரண்டுதான் என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். 1885-இல்தான் அங்கே பதினாறானது.

1929-இல் சாரதா சட்டம் பெண்ணுக்குப் பதினான்கு, ஆணுக்குப் பதினெட்டு என்று கல்யாண வயதை வைத்தது. சென்னையில் முத்துலட்சுமி ரெட்டி அதற்காக வாதாடினார். அதே ஆண்டு பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு பதினாறு வயதுக்கு மேல்தான் பெண்ணுக்குக் கல்யாணம் என்று தீர்மானம் போட்டது. மறுபக்கம் சனாதனிகள் சாஸ்திரம் போச்சு என்று முழங்கினார்கள். சட்டம் 1930 ஏப்ரல் முதல் தேதி அமலுக்கு வரும் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டதால், அதற்குள் நாடெங்கும் கல்யாணங்கள் குவிந்தன. 1931 மக்கள்தொகைக் கணக்கில் பதினைந்து வயதுக்குக் குறைந்த மனைவிகளின் எண்ணிக்கை, பத்தாண்டுக்கு முன்பிருந்த சுமார் 85 லட்சத்திலிருந்து ஒரு கோடியே இருபது லட்சத்தைத் தாண்டியிருந்தது. குழந்தை மணத்தைத் தடுக்க வந்த சட்டம் அதன் உச்சத்தையும் கூட்டிக்கொண்டு வந்தது. பிறகும் வழி இருந்தது: பிரிட்டிஷ் எல்லைக்கு வெளியே, சமஸ்தானத்துக்கோ பிரெஞ்சுப் புதுச்சேரிக்கோ போய்த் தாலி கட்டிவிட்டுத் திரும்பலாம். ரயிலில் சில மணி நேரப் பயணத்தில் ஒரு சிறுமி மணப்பெண் ஆகிவிடுவாள்.

பிள்ளைக்கு என்ன மதிப்பு என்பதும் இதே காலத்தில்தான் தலைகீழானது. அமெரிக்காவில் இதைச் சமூகவியலாளர் விவியானா செலைசர் 1985-இல் ஒரு புத்தகத்தில் ஆராய்ந்தார். 1896-இல் ஜார்ஜியா மாநிலத்தில் ரயில் நிறுவனத்தின் தவறால் இரண்டு வயதுப் பிள்ளை இறந்தது. பெற்றோருக்கு அடக்கச் செலவுக்கு மேல் ஒன்றும் கிடைக்கவில்லை. இவ்வளவு சின்னப் பிள்ளைக்குச் சம்பாதிக்கும் திறன் இல்லை என்றது நீதிமன்றம். 1979-இல் நியூயார்க் பல் மருத்துவமனையில் மருந்து அளவு மீறியதால் இறந்த மூன்று வயதுப் பிள்ளைக்கு நடுவர் குழு ஏழரை லட்சம் டாலர் கொடுத்தது. சம்பாதிக்கும் பிள்ளைக்கு விலை இருந்தது. சம்பாதிக்காத பிள்ளை விலைமதிப்பற்றதானது. பள்ளிக் கட்டணம் கட்ட வீட்டை அடகு வைக்கும் இன்றைய தமிழ்ப் பெற்றோருக்கு இந்த மாற்றத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை.

ஆனால் அந்த மாற்றம் எல்லா வீட்டுக்கும் ஒரே நாளில் போகவில்லை. 1923 வாக்கில் சிவகாசியில் தீப்பெட்டித் தொழில் வேர்விட்டது. தீப்பெட்டி, பட்டாசு வேலைகளில் பன்னிரண்டு வயதுக்குக் குறைந்தவர்களை வைக்கக் கூடாது என்று 1939-லேயே சட்டத் திருத்தம் இருந்தது. அரை நூற்றாண்டு கழித்தும் விடியுமுன் ஆலை வண்டிகள் கிராமம் கிராமமாகப் போய்ப் பிள்ளைகளைத் தூக்கக் கலக்கத்தோடு ஏற்றிக்கொண்டு வந்தன. 1986-இல் அபாயமான தொழில்களில் பதினான்கு வயதுக்குக் குறைந்தவர்களைத் தடுக்கப் புதுச் சட்டம் வந்தது. சிவகாசி வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம் ஒவ்வொரு பிள்ளைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்றது. நூறாண்டுக்கு முன் நூல் ஆலைக்குச் சொன்ன அதே வாதங்களைத் தீப்பெட்டிக்கும் சொன்னார்கள்: சின்ன விரல்தான் வேகமாக ஓடும், வேலை இல்லாவிட்டால் பட்டினி கிடப்பார்கள், பெற்றோரே அனுப்புகிறார்கள்.

இன்றைய சட்டத்தில் ஒரே பிள்ளைக்குப் பல எல்லைகள். ஆறு முதல் பதினான்கு வரை கல்வி உரிமை. 2016 திருத்தத்தின்படி பதினான்கு வரை எந்த வேலையும் கூடாது. ஆனால் குடும்பத் தொழிலில் பள்ளி நேரம் போகக் கைகொடுக்கலாம், சினிமாவில் நடிக்கலாம். பதினான்கு முதல் பதினெட்டு வரை அபாயமான வேலை மட்டும் கூடாது. சிறார் நீதிச் சட்டத்தில் பதினெட்டு வரை சிறார். 2015 சட்டத்தின்படி, கொடுங்குற்றம் என்றால் பதினாறு வயதுக்காரரைப் பெரியவராக வைத்து விசாரிக்கவும் வாய்ப்பு உண்டு. குடும்பத் தொழிலுக்குக் கொடுத்த அந்த விலக்கைப் படிக்கும்போது 1953-இன் மதியப் பொழுது நினைவுக்கு வராமல் போகாது. அதை வாசல் என்று சொன்னாலும் சரி, ஓட்டை என்று சொன்னாலும் சரி, அதன் வழியாகப் போகிறவர்கள் டாக்டர் வீட்டுப் பிள்ளைகள் அல்ல.

கல்யாண வயது 1978-இல் பெண்ணுக்குப் பதினெட்டு, ஆணுக்கு இருபத்தொன்று என்று உயர்ந்தது. பெண்ணுக்கும் இருபத்தொன்று ஆக்க 2021 டிசம்பரில் மக்களவையில் ஒரு மசோதா வந்தது. நிலைக்குழுவுக்குப் போன அது, 2024-இல் அந்த மக்களவை கலைந்தபோது காலாவதியானது.